மினியும் மோட்டார்வேயும்: ஒரு பல் சக்கர வரலாறு

1959-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி இங்கிலாந்தில் ஒரு கார் அறிமுகமானது. நீளம் வெறும் 3.05 மீட்டர். உள்ளே நான்கு பேர் உட்காரலாம். எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கும், கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில் இருக்கும், சக்கரங்கள் 10 அங்குலம்தான். அதுதான் மினி.

அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, சரியாக 68 நாள் கழித்து, அதே நாட்டில் ஒரு சாலை திறக்கப்பட்டது. லண்டனுக்கு வடக்கே தொடங்கி சுமார் 90 கிலோமீட்டர் ஓடிய அந்தச் சாலையில் சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, வேகக் கட்டுப்பாடும் இல்லை. அதுதான் எம்-1 மோட்டார்வே.

இரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் பிறந்தவை. ஆனால் கார் அந்தச் சாலைக்காகச் செய்யப்பட்டதல்ல. இரண்டும் ஒழுங்காக ஒத்துப்போக 37 ஆண்டுகள் ஆயின. இந்தக் கதை முழுவதும் இரண்டே இரண்டு பல் சக்கரங்களில் அடங்கியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

முதலில் கொஞ்சம் கணக்கு

கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏற்றத்தில் லேசான கியர் போட்டால் மிதிப்பது சுலபம். அதே கியரில் சமதளத்துக்கு வந்தால் கால் பரபரவென்று சுற்றும், சைக்கிள் மட்டும் வேகமாகப் போகாது. அங்கே கனமான கியருக்கு மாற வேண்டும். அதற்கு மேல் கியரே இல்லையென்றால்? சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பழைய மினி நெடுஞ்சாலையில் படும் பாடு இதுதான்.

மினியில் டாப் கியர் நான்காவது. அதில் கியர்பாக்ஸின் விகிதம் 1:1. அதாவது எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸின் வெளியேறும் தண்டும் ஒரு சுற்று சுற்றும். அதன் நுனியில் பினியன் என்கிற சின்னப் பல் சக்கரம். அது டிஃபரன்ஷியலில் இருக்கும் கிரவுன் வீல் என்கிற பெரிய பல் சக்கரத்தைச் சுற்றும். 1959 மினியில் பினியனுக்கு 17 பல், கிரவுன் வீலுக்கு 64 பல். 64-ஐ 17-ஆல் வகுத்தால் 3.765. எஞ்சின் 3.765 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

மினியின் 10 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.5 மீட்டர் தூரம் உருளும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1500 மீட்டர். ஆக அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றுகிறது. எஞ்சின்? 3765 சுற்று. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மினியில் கடைசி கியர் விகிதத்தை 1000-ஆல் பெருக்கினால் 90 கி.மீ. வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றும் என்பது வந்துவிடும்.

பிரிட்டிஷ் மோட்டார்வேயின் உச்ச வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது 112 கி.மீ. அந்த வேகத்தில் இதே கார் சுமார் 4700 சுற்றில் ஓடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 9400 வெடிப்பு, ஓட்டுநரின் முழங்காலுக்கு ஒன்றிரண்டு அடி முன்னால், ஒரு மெல்லிய தகட்டுக்கு அப்பால். ஒரு மணி நேரம் கழித்து இறங்கினால் காதில் ரீங்காரம் இருக்கும்.

சத்தம் மட்டுமல்ல. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி ஒன்றுதான். அந்தச் சக்தியைக் குறைந்த சுற்றில், ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தி எடுத்தால் உள் உராய்வு குறையும், பெட்ரோலும் குறைவாகச் செலவாகும். மினியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் சுற்று ஏற ஏற அந்த ஆயிலும் கியர் பற்களுக்கு இடையில் அதிகமாக நசுங்கும்.

ஏன் 3.765?

அப்படியானால் மினியை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் கணக்கில் தவறிவிட்டாரா? இல்லை. அவர் போட்ட கணக்கு வேறு.

1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். தொடர்ந்து வந்த போரில் கால்வாய் அடைபட்டது. 1956 டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோல் ரேஷன் வந்தது, 1957 மே வரை நீடித்தது. ஜெர்மனியிலிருந்து வந்த முட்டை வடிவச் சிறு கார்கள் அமோகமாக விற்றன. பி.எம்.சி. நிறுவனத்தின் தலைவர் லியோனார்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது. அவற்றைச் சாலையை விட்டே விரட்டும்படி ஒழுங்கான சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று இஸிகோனிஸிடம் சொன்னார். நிபந்தனை ஒன்றே ஒன்று: நிறுவனத்திடம் ஏற்கனவே இருக்கும் எஞ்சினைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இருந்த எஞ்சின் ஏ-சீரிஸ். 948 சி.சி. வடிவத்தை வைத்து முதல் மாதிரிக் கார்களை ஓட்டிப் பார்த்தபோது அவை மணிக்கு 90 மைலைத் தொட்டன. இவ்வளவு சின்னக் குடும்பக் காருக்கு இது அதிகம் என்று முடிவாயிற்று. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை 76.2 மில்லிமீட்டரிலிருந்து 68.26 மில்லிமீட்டராகக் குறைத்து 848 சி.சி. ஆக்கினார்கள். கிடைத்தது 5500 சுற்றில் 34 குதிரைச் சக்தி. இழுவிசையின் உச்சம் 2900 சுற்றில் சுமார் 60 நியூட்டன் மீட்டர்.

இந்த எஞ்சின்தான் நான்கு பேரையும் பெட்டிகளையும் சுமந்துகொண்டு மேட்டில் நின்று மறுபடி கிளம்ப வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் சாலை என்றால் ஊருக்குள் நுழைந்து வெளியேறும் சாலை. கிராமத்துக்கு ஒரு வளைவு, பாலத்துக்கு ஒரு குறுகல், முன்னால் ஒரு லாரி. அந்த லாரியை முந்த ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும்போது சட்டென்று பாய வேண்டும். அந்தச் சாலையில் யாரும் ஒரு மணி நேரம் விடாமல் 110-இல் போகப்போவதில்லை. 3.765 அந்தச் சாலைக்குச் சரியான விடை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 848 சி.சி. மினியின் உச்ச வேகம் சுமார் 116 கி.மீ. அந்த வேகத்தில் எஞ்சின் சுற்றுவது ஏறக்குறைய 4850. உச்ச சக்தி வருவதோ 5500-இல். அதாவது எஞ்சின் தன் முழுச் சக்தியை எட்டுவதற்கு முன்பே காற்று அதை நிறுத்திவிடுகிறது. இந்த எஞ்சினுக்கு 3.765 கூடக் கொஞ்சம் கனமான கியர்தான். மினி இரைந்ததற்குக் காரணம் தப்பான கியர் இல்லை, எஞ்சினின் சிறுமை.

அதே கேள்விக்கு ஜெர்மனியின் விடை

இதற்கு நேர் எதிரான கதை ஜெர்மனியில் நடந்தது. அங்கே சாலை முதலில் வந்தது, கார் பிறகு வந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையிலான ஆட்டோபான் 1935 மே 19 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே ஃபெர்டினாண்ட் போர்ஷேயிடம் மக்கள் கார் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோபானில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் விடாமல் ஓட வேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. அந்தக் கார்தான் பிற்பாடு உலகமே பீட்டில் என்று அழைத்த ஃபோக்ஸ்வேகன்.

போர்ஷே டாப் கியரின் விகிதத்தை 1-க்கும் கீழே, 0.80-இல் வைத்தார். எஞ்சின் 0.80 சுற்று சுற்றினாலே தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். 16 அங்குலப் பெரிய சக்கரங்களும் சேர்ந்ததால் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 3000-க்குச் சற்றுக் குறைவாகவே சுற்றியது. போருக்குப் பிந்தைய 1131 சி.சி. பீட்டிலின் சக்தி வெறும் 25 குதிரை. மினியைவிடக் குறைவு. ஆனாலும் அதன் உச்ச வேகமும் நாள் முழுக்க ஓடக்கூடிய வேகமும் ஒன்றே. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினாலும் எஞ்சின் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுற்றாது. அதற்கு விலையும் உண்டு. ஏற்றம் வந்தால் பீட்டில் ஓட்டுநர் மூன்றாவது கியருக்கு இறங்கியே ஆக வேண்டும்.

ஆக, ஒரு காரின் கியர் விகிதம் என்பது அது எந்தச் சாலைக்காகப் பிறந்தது என்பதற்கான பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பீட்டிலின் 0.80 ஆட்டோபானைச் சொல்கிறது. மினியின் 3.765 மோட்டார்வேக்கு முந்தைய இங்கிலாந்தைச் சொல்கிறது.

சாலை மாறியது

பிரிட்டனின் முதல் மோட்டார்வே பிரெஸ்டன் பைபாஸ். 1958 டிசம்பர் 5 அன்று பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன் திறந்துவைத்தார். நீளம் 13 கி.மீ. தான், அதனால் யாருடைய எஞ்சினையும் அது பெரிதாகச் சோதிக்கவில்லை. எம்-1 சோதித்தது. அதுவரை தொடர்ந்து பத்து நிமிடம்கூட உச்ச வேகத்தில் ஓடியிராத கார்கள் திடீரென ஒரு மணி நேரம் ஓடின. ரேடியேட்டர் கொதித்தவையும் டயர் வெடித்தவையும் ஓரத்தில் நின்றன.

1965 டிசம்பரில் 70 மைல் உச்ச வரம்பு தற்காலிகமாக வந்தது, 1967-இல் நிரந்தரமானது. வரம்பு வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. அதுவரை எஞ்சினை முடிந்த மட்டும் வேகமாக ஓட்டுவதுதான் பெருமை. இனி எல்லோரும் ஓடப்போவது ஒரே வேகத்தில். அந்த வேகத்தில் எந்தக் கார் அமைதியாக ஓடும் என்பது புதிய கேள்வி ஆயிற்று.

மற்றவர்களிடம் மருந்து இருந்தது

இந்த நோய்க்கு அன்றே மூன்று மருந்துகள் இருந்தன.

முதலாவது ஓவர்டிரைவ். எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்து ஷெஃபீல்டின் லேகாக் நிறுவனம் தயாரித்த இந்தச் சாதனம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனிப் பெட்டியாக இருக்கும். ஒரு சுவிட்சைத் தட்டினால் அதற்குள் இருக்கும் கோள் கியர்கள் மாறி, எஞ்சின் சுற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். டிரையம்ஃப், எம்.ஜி., வால்வோ என்று பல கார்களில் இது வந்தது.

இரண்டாவது, பின் அச்சில் இருக்கும் கிரவுன், பினியன் ஜோடியையே மாற்றுவது. இதற்கு நல்ல உதாரணம் இஸிகோனிஸே முன்பு வடிவமைத்த மாரிஸ் மைனர், இலங்கைச் சாலைகளில் பல தலைமுறை பார்த்த அதே கார். 1956-இல் அதன் எஞ்சின் 948 சி.சி. ஆனபோது பின் அச்சு விகிதம் 4.55. 1962-இல் 1098 சி.சி. வந்தபோது 4.22. எஞ்சின் பலம் கூடக் கூட கியரைக் கனமாக்கினார்கள். பழைய 948 சி.சி. மைனர் வைத்திருந்தவர்கள் புதிய காரின் 4.22 அச்சைத் தேடிப் பிடித்துப் பொருத்திக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஃபோர்ட் சியாராவின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவது வழக்கமாயிற்று.

மூன்றாவது ஐந்தாவது கியர்.

இந்த மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் மினிக்கு ஒத்துவரவில்லை. காரணம் எந்த அமைப்புக்காக உலகம் மினியைப் புகழ்ந்ததோ அதே அமைப்புதான். கியர்பாக்ஸ் எஞ்சினின் ஆயில் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் போகும் நீண்ட தண்டு இல்லை, எனவே ஓவர்டிரைவை வைக்க இடம் இல்லை. தொட்டியின் அளவு எஞ்சினின் அளவு, அதில் நான்கு கியரே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பந்தயக்காரர்களுக்காகச் சிலர் ஐந்து கியர் செட் செய்தார்கள். ஆனால் தொழிற்சாலை 41 ஆண்டும் நான்கு கியரோடுதான் மினியை விற்றது.

இத்தாலியில் ஃபியட்டின் தாந்தே ஜியாகோசா இதே குறுக்குவாட்டு எஞ்சினை வேறு விதமாக அமைத்தார். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் வைக்காமல் பக்கவாட்டில், எஞ்சினின் நுனியில் வைத்தார். 1964-இல் ஆட்டோபியாங்கி பிரைமுலா இப்படி வந்தது, 1969-இல் ஃபியட் 128 அதைப் பரவலாக்கியது. அன்றைக்கு இது ஒரு சின்ன வித்தியாசமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் பிற்பாடு ஐந்தாவது கியர் தேவைப்பட்டபோது பெட்டியின் நுனியில் ஒரு ஜோடி பல் சக்கரத்தைச் சேர்த்து மூடியைக் கொஞ்சம் நீட்டினால் போதும் என்றாயிற்று. இன்று சாலையில் ஓடும் முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலானவை ஜியாகோசாவின் வழியில் வந்தவை. 1980-இல் மினியின் அதே அமைப்போடு வந்த ஆஸ்டின் மெட்ரோ பத்து ஆண்டு நான்கு கியரிலேயே தவித்தது. 1990-இல் புதிய எஞ்சினும் எஞ்சினின் நுனியில் அமர்ந்த புதிய கியர்பாக்ஸும் வந்த பிறகுதான் அதற்கு ஐந்தாவது கியர் கிடைத்தது.

பல்லை எண்ணினால் வரலாறு

ஆக மினிக்கு மிஞ்சியது இரண்டாவது மருந்து மட்டும்: கிரவுன், பினியன் ஜோடியை மாற்றுவது. தொழிற்சாலையே அதை மெல்ல மெல்லச் செய்தது. எண்களை வரிசையாக வைத்தால் இப்படி இருக்கும்.

17 பல்லும் 64 பல்லும்: 3.765. 1959-இன் 848 சி.சி. மினி. 90 கி.மீ. வேகத்தில் 3765 சுற்று.

18-உம் 62-உம்: 3.444. 1967-இல் வந்த 998 சி.சி. மினி. 3444 சுற்று.

20-உம் 59-உம்: 2.95. 1982-இன் சிக்கன மினி. 2950 சுற்று.

19-உம் 59-உம்: 3.105. 1990-இல் 1275 சி.சி. எஞ்சினோடு திரும்பி வந்த கூப்பர். 3105 சுற்று.

21-உம் 58-உம்: 2.76. 1996-இன் கடைசித் தலைமுறை. 2760 சுற்று.

(1984 முதல் மினிக்கு 12 அங்குலச் சக்கரங்கள் வந்தன. அவற்றின் டயர் சுற்றளவு சற்றுக் கூடுதல் என்பதால் பிற்கால எண்கள் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையும். ஒப்பிட வசதியாக இங்கே ஒரே அளவு வைக்கப்பட்டிருக்கிறது.)

இந்த வரிசையில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியின் பற்களையும் கூட்டிப் பாருங்கள். 81, 80, 79, 78, 79. எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. பெட்டிக்குள் இரண்டு தண்டுகளுக்கும் இடையிலான தூரம் மாறவே இல்லை. அதனால் பினியன் பெருக்க வேண்டுமானால் கிரவுன் வீல் இளைக்க வேண்டும். 1959-இல் வார்த்த கூட்டுக்குள்ளேயே 1996 வரை இடம் பார்த்துப் பார்த்து மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு சுவாரசியம் 1982-இன் 2.95. 1973-இலும் 1979-இலும் எண்ணெய் நெருக்கடிகள் வந்து போயிருந்தன. 1978 முதல் பிரிட்டனில் புதிய கார்களுக்கு அதிகாரபூர்வ எரிபொருள் கணக்கை வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதில் ஒரு சோதனை, மணிக்கு 56 மைல் சீரான வேகத்தில் கார் எவ்வளவு குடிக்கிறது என்பது. 56 மைல் என்பது 90 கி.மீ. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரப்போவது அந்த எண்தான். கனமான கியர் போட்டால் அந்த எண் அழகாகும். அதே காலத்தில் ஃபோக்ஸ்வேகனும் தன் சிக்கனக் கார்களில் டாப் கியருக்கு 'ஈ' என்ற எழுத்தையே பொறித்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கருவான மினிக்குப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் கியர் கிடைக்க 23 ஆண்டுகள் ஆயின.

1996-இன் 2.76 வந்தபோது நிறுவனம் பி.எம்.டபிள்யூ. கைக்குப் போயிருந்தது. 1275 சி.சி., 63 குதிரைச் சக்தி, பழைய மினியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான இழுவிசை. 70 மைல் வேகத்தில் சுற்று 3400-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. 68 நாள் இடைவெளியில் பிறந்த காரும் சாலையும் ஒருவழியாகச் சமாதானம் ஆயின. நான்கே ஆண்டில், 2000 அக்டோபர் 4 அன்று, கடைசி மினி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. மொத்தம் 53 லட்சத்துக்கும் மேல்.

சொந்தக்காரர்கள் கையில்

பிற்காலக் கார்களின் பல் சக்கரங்கள் முற்காலக் கார்களில் பொருந்தும் என்பது தெரிந்ததும் பழைய மினி வைத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

வேலை அத்தனை சுலபமில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தூக்கி வெளியே வைக்க வேண்டும். டிஃபரன்ஷியல் மூடியைக் கழற்றி கிரவுன் வீலை எடுக்க வேண்டும். பினியனைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு சுமார் 200 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கப்பட்டது. தண்டு சுற்றாமல் இருக்க ஒரே நேரத்தில் இரண்டு கியரை மாட்டிவைத்து, நீளமான கம்பி போட்டுத்தான் திருப்ப வேண்டும். புதிய ஜோடி எப்போதும் ஜோடியாகத்தான் போக வேண்டும். பழைய கிரவுன், புதிய பினியன் என்று கலந்தால் பற்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு ஆறுதல், பின்சக்கர இழுவைக் கார்களின் கோணப் பற்களைப் போல நுணுக்கமாக உட்கார வைக்க வேண்டியதில்லை. மினியில் எஞ்சின் குறுக்கே இருப்பதால் இவை சாதாரணச் சாய்வுப் பல் சக்கரங்கள்.

முடித்து ஓட்டிப் பார்த்தால் முதலில் ஏமாற்றுவது ஸ்பீடாமீட்டர். மினியில் அதற்கான கேபிள் பினியன் இருக்கும் தண்டிலிருந்தே சுற்று வாங்குகிறது. கிரவுன் வீலுக்குப் பிறகு என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது. 3.765-ஐ எடுத்துவிட்டு 2.95 போட்டால், உண்மையில் 100-இல் போகும்போது முள் 78-ஐக் காட்டும். மீட்டரைத் திருத்தாமல் ஓட்டியவர்களுக்கு அமைதியான காரோடு அபராதச் சீட்டும் சேர்ந்து கிடைத்திருக்கும்.

அடுத்தது முதல் கியர். கடைசி ஜோடியை மாற்றினால் டாப் கியர் மட்டுமல்ல, எல்லாக் கியரும் அதே விகிதத்தில் கனமாகும். ஐந்தாவது கியர் சேர்ப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. மேட்டில் கிளம்பும்போது கிளட்ச் அதிகம் வழுக்க வேண்டியிருக்கும், சீக்கிரம் தேயும். ஊருக்குள் மூன்றாவதில் போன இடத்தில் இரண்டாவதில் போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது, எஞ்சினின் பலம். 848 சி.சி. காரில் 2.76 ஜோடியைப் போட்டால் காகிதத்தில் எல்லாம் அருமை. சாலையில்? எதிர்க்காற்றோ சின்ன ஏற்றமோ வந்தால் நான்காவது கியர் இழுக்காது. மூன்றாவதுக்கு இறங்கினால் சத்தம் பழையபடி. உச்ச வேகமும் குறைந்துவிடும், ஏனென்றால் எஞ்சின் தன் சக்தி பிறக்கும் சுற்றை எட்டவே எட்டாது. அதனால் அனுபவசாலிகள் 848-க்கு 3.444-ஓடு நின்றுகொண்டார்கள், 998-க்கு 3.105, 1275-க்கு 2.95 அல்லது 2.76 என்று பார்த்துப் போட்டார்கள். தொழிற்சாலை காலவரிசையில் செய்ததைச் சொந்தக்காரர்கள் எஞ்சின் வரிசையில் செய்தார்கள். இரண்டு வழியிலும் வந்த விடை கிட்டத்தட்ட ஒன்றே.

மலைச் சாலை ராலி ஓட்டியவர்களின் தேவை இதற்கு நேர் எதிர். அவர்கள் 4-ஐத் தாண்டிய விகிதங்களைத் தேடினார்கள். வளைவிலிருந்து வளைவுக்குப் பாய வேண்டியவர்களுக்கு நெடுஞ்சாலை அமைதி எதற்கு?

பழைய ஜோடியை என்ன செய்வது?

பழைய கார்களை அப்படியே காக்க வேண்டும் என்பவர்கள் இந்த மாற்றத்தை ஒப்புவதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 17-உம் 64-உம் 1959-இன் சாலையைப் பற்றிய ஒரு ஆவணம். அதைக் கழற்றினால் அந்தக் கார் எப்படி ஓடியது, எப்படிக் கத்தியது, ஒரு லாரியை எப்படித் தாண்டியது என்பதெல்லாம் போய்விடும். மறுபக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நெடுஞ்சாலைக்குப் பயந்து கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் காரைவிட, பல் சக்கரம் மாற்றியாவது சாலையில் ஓடும் கார் மேல். இந்த மாற்றத்தில் உடலைக் கிழிப்பதில்லை, தகட்டை வெட்டுவதில்லை. கழற்றிய ஜோடியை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைத்தால், நாளை யாராவது திரும்பவும் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கதை இங்கிலாந்தோடு முடியவில்லை. 1983 டிசம்பரில் இந்தியாவில் மாருதி 800 வந்தபோது அதற்கும் நான்கு கியர்தான். 796 சி.சி. எஞ்சின், குறுக்குவாட்டில். அன்றைய இருவழிச் சாலைக்கு நான்கு போதும். 2000-இல் அதற்கு ஐந்து கியர் பெட்டி வந்தது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் வேலை நாடெங்கும் மும்முரமானதும் அதை ஒட்டிய ஆண்டுகளில்தான். மாருதியின் கியர்பாக்ஸ் ஜியாகோசாவின் வழியில் எஞ்சினின் நுனியில் இருந்தது. அதனால் மினிக்குக் கடைசிவரை கிடைக்காத ஐந்தாவது கியர் அதைவிடச் சின்ன எஞ்சின் கொண்ட காருக்குக் கிடைத்தது.

அடுத்த முறை நான்கு கியர் பழைய கார் ஒன்று நெடுஞ்சாலையில் இரைந்துகொண்டு போவதைப் பார்த்தால் அதன்மேல் கோபப்பட வேண்டாம். அதைச் செய்தவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் கணக்குப் போட்டபோது அந்தச் சாலை இல்லை, அவ்வளவுதான்.